கண் சிமிட்டிய கார்கள்

விளக்கை உடலுக்குள் ஒளித்துவைக்கும் நாகரிகம் 1936-ல் பிறந்து 2004-ல் முடிந்தது. இந்தியச் சாலைகளை அது ஏறக்குறைய எட்டிப் பார்க்கவே இல்லை. இங்கே விளக்கை மறைத்த கதை வேறு.

நாயுடுபேட்டையில் இருட்டிய பிறகு ஒரு வண்டியைப் பற்றித் தெரிவதெல்லாம் அதன் விளக்கு மட்டும்தான். சென்னையிலிருந்து கொல்கத்தாவுக்குப் போகும் நெடுஞ்சாலை (பழைய கணக்கில் 5, இப்போது 16) ஊரை உரசிக்கொண்டு ஓடுகிறது. நெல்லூர், விஜயவாடா பக்கத்திலிருந்து ஏழுமலையானைத் தரிசிக்க வரும் கார்களும் வேன்களும் இங்கேதான் மேற்கே திரும்பி, காளஹஸ்தி வழியாகத் திருப்பதிக்குப் போகின்றன. 2022 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து இந்த ஊரும் திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்துகொண்டது. மாவட்டம் மாறினாலும் இரவுப் போக்குவரத்து மாறவில்லை. ஒரிசாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வரும் லாரிகள் விடிய விடியத் தெற்கே இறங்குகின்றன. அவற்றின் பின்பக்கத்தில் 'யூஸ் டிப்பர் அட் நைட்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. எதிரே வருபவன் கண்ணைக் கூச வைக்காதே, விளக்கைத் தாழ்த்து என்று அர்த்தம். எழுதியிருக்கும் வண்டியே அதைக் கடைப்பிடிக்கிறதா என்பது வேறு விஷயம்.

இந்தச் சாலையில் ஓட்டிப் பழகியவர்களுக்கு விளக்கு ஒரு மொழி. இரண்டு வெளிச்சம் தெரிந்தால் காரோ லாரியோ. ஒன்று மட்டும் தெரிந்தால் மோட்டார் சைக்கிள். அல்லது ஒரு விளக்கு ஃபியூஸ் போன லாரி. இந்த 'அல்லது'வில்தான் உயிர் ஊசலாடுகிறது. இருட்டில் தன்னை எப்படிக் காட்டிக்கொள்வது என்பதே வண்டியின் முதல் கடமையாக இருக்கும் இப்படிப்பட்ட உலகத்தில், விளக்கை ஒளித்துவைப்பதையே அழகு என்று நினைத்த ஒரு காலம் இருந்தது என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கும். ஆனால் இருந்தது. ஏறக்குறைய 70 ஆண்டுகள் இருந்தது.

பகலில் அந்தக் கார்களுக்கு முகமே கிடையாது. வழவழவென்று சரிந்திறங்கும் மூக்கு, அவ்வளவுதான். மாலையில் ஓட்டுபவர் ஸ்விட்சைத் தட்டினால் மூடிகள் திறந்து இரண்டு விளக்குகள் தவளைக் கண்போல எழும்பி நிற்கும். விடிந்ததும் மறுபடி உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் 'பாப்-அப்' என்றார்கள். 'நைட் ரைடர்' தொலைக்காட்சித் தொடரில் வந்த பேசும் காருக்கும், 1977-ல் ஜேம்ஸ் பாண்ட் ஓட்டிக் கடலுக்குள் இறக்கிய வெள்ளை லோட்டஸ் காருக்கும் இந்த வகை விளக்குதான். ஒரு தலைமுறைப் பையன்களுக்கு வெளிநாட்டுக் கார் என்றாலே அதுதான்.

விமானத்திலிருந்து இறங்கிய விளக்கு

முதலில் செய்தது அமெரிக்காவின் கார்ட் நிறுவனம். கார்டன் பியூரிக் வடிவமைத்த 'கார்ட் 810' கார் 1935 நவம்பரில் நியூயார்க் கண்காட்சியில் திரை விலக்கியது. அதுவரை கார் விளக்குகள் முன்புறத்தில் இரண்டு குண்டுப் பாத்திரங்களாகத் தனியே துருத்திக்கொண்டு நின்றன. பியூரிக்குக்கு அது பிடிக்கவில்லை. கார்ட் நிறுவன முதலாளியின் வசமே ஸ்டின்சன் என்ற விமானத் தொழிற்சாலையும் இருந்தது. ஸ்டின்சன் விமானத்தின் இறக்கையில் தரையிறங்கும் விளக்குகள் மடங்கி உள்ளே போகும். அதை எடுத்துக் காரின் முன் சக்கர மட்கார்டுக்குள் வைத்தார்.

மோட்டார் எல்லாம் இல்லை. டாஷ்போர்டின் இரண்டு கோடியிலும் கையால் சுற்றும் கைப்பிடிகள் இருந்தன. ஓட்டுபவர் தன் பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றி ஒரு கண்ணைத் திறக்க வேண்டும். பிறகு பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, அல்லது தானே எக்கி, அடுத்த கண்ணைத் திறக்க வேண்டும். தனியாகப் போகிறவர் பாடு திண்டாட்டம்தான். காரைப் பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். ஆனால் நிறுவனம் நிமிரவில்லை. ஏறக்குறைய 3,000 கார்களோடு 1937-ல் கடை மூடப்பட்டது.

அடுத்து வந்தது டிசோட்டோ. இந்தப் பெயர் நம் பழைய லாரிக்காரர்களுக்குப் பரிச்சயம். பம்பாயின் பிரீமியர் நிறுவனம் சுதந்திரத்துக்குப் பிறகு கிரைஸ்லர் குடும்பத்தின் டாட்ஜ், ஃபார்கோ, டிசோட்டோ வண்டிகளை இங்கே பூட்டி விற்றது. அமெரிக்காவில் அதே டிசோட்டோ 1942-ஆம் ஆண்டுக்கான காரில் விளக்குகளுக்குக் கதவு போட்டது. சில மாதம்தான். 1942 பிப்ரவரியில் போருக்காகக் கார் உற்பத்தியே நிறுத்தப்பட்டது.

அதே 1942-ல் சென்னையிலும் கார் விளக்குகள் மறைந்தன. அழகுக்காக அல்ல. ஏப்ரல் 6-ஆம் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய குண்டுகள் விழுந்தன. அடுத்தது சென்னைதான் என்ற பீதியில் ஊர் காலியானது. மிச்சமிருந்தவர்கள் இருட்டடிப்பில் வாழ்ந்தார்கள். வானத்திலிருந்து பார்த்தால் தெரியாதபடி வண்டி விளக்குகளுக்கு முகமூடி போட்டு, கீற்று வெளிச்சம் மட்டும் தரையில் விழும்படி செய்ய வேண்டும். 1965, 1971 போர்களின்போது வட இந்திய நகரங்களில் இதே கதை திரும்பியது. விளக்குக் கண்ணாடியின் மேல்பாதியில் கறுப்புப் பெயிண்ட் அடித்தார்கள், அல்லது பழுப்புக் காகிதம் ஒட்டினார்கள். அந்த வயதுக்காரர்கள் இன்றும் மறக்கவில்லை. உலகம் நாகரிகமாக ஒளித்ததை இந்தியா பயத்தில் ஒளித்தது.

சட்டம் பெற்ற பிள்ளை

மறைவிளக்கு பெருகியதற்குக் காரணம் ஓவியர்களின் ரசனை என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதிதான் உண்மை. மீதிப் பாதிக்கு அமெரிக்க அரசாங்கத்துக்கு நன்றி சொல்ல வேண்டும்.

1930களில் கார் விளக்குகள் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு தினுசு. உள்ளே தூசும் ஈரமும் புகுந்து பிரதிபலிக்கும் பரப்பு மங்கிப்போகும். இரவு விபத்துகள் கூடின. 1940-ல் அமெரிக்கா ஒரு முடிவுக்கு வந்தது. எல்லாக் காருக்கும் ஒரே விளக்கு. 7 அங்குல வட்டம். கண்ணாடி, பிரதிபலிப்பான், இழை மூன்றும் ஒன்றாக உருக்கி மூடப்பட்ட 'சீல்டு பீம்'. கெட்டுப்போனால் முழுசாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிது மாட்ட வேண்டியதுதான். எந்த ஊர்க் கடையிலும் அது கிடைக்கும். பாதுகாப்புக் கோணத்தில் பார்த்தால் அன்றைக்கு இது சரியான முடிவு.

ஆனால் சட்டம் அந்த இடத்திலேயே உறைந்துவிட்டது. 1950களின் இறுதியில் நான்கு சின்ன வட்ட விளக்குகளுக்கு அனுமதி வந்தது. 1970களின் நடுவில் செவ்வகத்துக்கு. அவ்வளவுதான். ஐரோப்பாவில் காருக்குக் காரு விளக்கின் வடிவம் மாறிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவில் விற்க வேண்டுமானால் அந்த ஒரே தட்டையான கண்ணாடியைத்தான் மாட்டியாக வேண்டும். அதோடு இன்னொரு விதி: தரையிலிருந்து ஏறக்குறைய இரண்டடிக்குக் கீழே விளக்கு இருக்கக் கூடாது.

ஸ்போர்ட்ஸ் கார் செய்பவர்களுக்கு இது தலைவலி. காற்றைக் கிழித்துக்கொண்டு போக மூக்கு தரையோடு தாழ வேண்டும். மூக்கு தாழ்ந்தால் விளக்குக்குச் சட்டம் கேட்கும் உயரம் கிடைக்காது. உயரத்தில் வைத்தால் அந்தத் தட்டைக் கண்ணாடி காற்றுக்கு முன்னால் சுவர்போல நிற்கும். இந்தச் சிக்கலுக்கு விடைதான் பாப்-அப். வேண்டும்போது சட்டம் சொல்லும் உயரத்துக்கு எழும்பு, வேண்டாதபோது படுத்துக்கொள். சட்டத்தையும் மீறவில்லை, காற்றையும் பகைத்துக்கொள்ளவில்லை.

1962-ல் பிரிட்டனின் லோட்டஸ் நிறுவனம் 'எலான்' காரில் இதைச் செய்தது. வடிவமைத்தவர் ரான் ஹிக்மன். பிற்பாடு தச்சுவேலைக்கான 'வொர்க்மேட்' மடக்கு மேசையைக் கண்டுபிடித்துக் காரில் சம்பாதித்ததைவிட அதிகம் சம்பாதித்தவர். எலானில் விளக்கைத் தூக்கியது மின்சாரம் அல்ல, எஞ்சின் மூச்சிழுக்கும்போது உண்டாகும் வெற்றிடம். குழாயில் எங்காவது ஒழுக்கு ஏற்பட்டால் விளக்குகள் மெல்ல மெல்லக் கண்ணை மூடும், நடுராத்திரியில், ஓடிக்கொண்டிருக்கும்போதே. பிற்கால எலான்களில் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கினார்கள். வெற்றிடம் போனால் விளக்கு எழும்பும்.

1963-ல் அமெரிக்காவின் ஷெவர்லே கார்வெட் 'ஸ்டிங் ரே' வந்தது. அதில் மின்மோட்டார் விளக்கைப் புரட்டியது. 1968-ன் ஓப்பல் ஜிடி இன்னும் வேடிக்கை. ஓட்டுபவர் கியர் பக்கத்தில் உள்ள ஒரு நெம்புகோலைப் பலமாகத் தள்ள வேண்டும். இரண்டு விளக்குகளும் ஒரே திசையில் உருண்டு எழும். கையில் வலு இல்லாதவர்கள் அந்தி சாய்வதற்குள் வீடு திரும்புவது உத்தமம்.

பழுதுகள் கொஞ்சநஞ்சமல்ல. மோட்டார் எரியும், பல்சக்கரம் தேயும், குளிர் நாடுகளில் மூடி பனியில் ஒட்டிக்கொள்ளும். ஒரு கண் திறந்து ஒரு கண் மூடி நிற்கும் கார் கேலிச்சித்திரக்காரர்களுக்கு நல்ல தீனி. ஆனால் இருட்டுச் சாலையில் எதிரே வருபவனுக்கு அது கேலி அல்ல, ஒற்றை விளக்கு லாரியின் அதே கணக்குதான். 1969-ல் அமெரிக்க அரசு மறைவிளக்குக்கென்றே தனி விதி போட்டது. சக்தி துண்டிக்கப்பட்டாலும் திறந்த விளக்கு திறந்தே இருக்க வேண்டும், ஸ்விட்ச் போட்ட 3 விநாடிக்குள் முழுதாகத் திறந்தாக வேண்டும்.

இதற்கெல்லாம் அசராமல் 1970களிலும் 80களிலும் மறைவிளக்கு கொடிகட்டிப் பறந்தது. இத்தாலியில் லம்போர்கினி கவுன்டாக், ஃபெராரி 308. ஜெர்மனியில் போர்ஷ 924, 928. ஜப்பானில் மாஸ்டா ஆர்எக்ஸ்-7. கடைசியில் ஆசை குடும்பக் காருக்கும் தொற்றியது. 1985-ன் ஹோண்டா அக்கார்டு, பிள்ளைகளைப் பள்ளியில் விடும் சாதாரண நான்கு கதவுக் கார், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு திரிந்தது. ஸ்வீடனின் வால்வோகூட 1986-ல் '480' என்ற காரில் மறைவிளக்கு வைத்தது. அமெரிக்க விளக்கு உயர விதியை மனத்தில் வைத்து வரைந்த கார் அது. கடைசிவரை அமெரிக்காவுக்குப் போகவே இல்லை. வராத விருந்தாளிக்காக இலை போட்ட கதை.

ஸ்ரீசிட்டியின் பழைய உறவு

நாயுடுபேட்டையிலிருந்து தெற்கே சூலூர்பேட்டை தாண்டிப் போனால் தடா. அதை ஒட்டி ஸ்ரீசிட்டி தொழில் நகரம். ஜப்பானின் இசுஸு நிறுவனம் இங்கே 2016-ல் தொழிற்சாலை திறந்தது. 'டி-மேக்ஸ்' பிக்-அப் வண்டிகள் வெளியே வருகின்றன. காய்கறியும் மீன் பெட்டியும் தண்ணீர் கேனும் ஏற்றும் உழைப்பாளி வண்டி. பளிச்சென்று திறந்த கண்கள்.

இதே இசுஸு ஒரு காலத்தில் பாதிக் கண் மூடிய கார் ஒன்றைச் செய்தது. 1979-ல் ஜெனிவா கண்காட்சியில் இத்தாலிய வடிவமைப்பாளர் ஜார்ஜெட்டோ ஜுஜாரோ ஒரு மாதிரிக் காரை வைத்தார். சீட்டுக்கட்டின் கிளாவர் ஆசு என்று அதற்குப் பெயர். 1981-ல் இசுஸு அதை 'பியாசா' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் விளக்குகள் முழுதாக மறையவில்லை. மேல்பாதியை ஒரு இமை மூடியிருக்கும். விளக்கைப் போட்டால் இமை விலகும். தூக்கக் கலக்கத்தில் பார்ப்பதுபோல ஒரு முகம். கார் விற்பனையில் பெரிய வெற்றி இல்லை. 1990களின் தொடக்கத்தில் இசுஸு சொந்தமாகக் கார் செய்வதையே கைவிட்டு லாரி, பிக்-அப் பக்கம் ஒதுங்கிவிட்டது. ஸ்ரீசிட்டிக்கு வந்து சேர்ந்தது அந்த இசுஸுதான்.

இந்தியாவுக்கு இசுஸு அதற்கு முன்பே அறிமுகம். கல்கத்தாவின் இந்துஸ்தான் மோட்டார்ஸ், கான்டெஸாவிலும் பிற்பாடு அம்பாசிடரிலும் இசுஸு எஞ்சினைப் பொருத்தியது. எஞ்சின் வந்தது, இமை வரவில்லை. கான்டெஸாவில் நான்கு வட்ட விளக்குகள் அகல விழித்துக்கொண்டிருந்தன.

ஜுஜாரோவின் கதையும் இதேபோல்தான். கூரிய மூக்கும் மறைவிளக்குமாக பாண்ட் ஓட்டிய லோட்டஸ் எஸ்பிரி அவர் வரைந்தது. இந்தியாவில் அவர் கைவண்ணம் பரவலாகத் தெரிந்தது 1998-ல், டேவூ மேட்டிஸ் வழியாக. அந்தக் குட்டிக் காருக்கு இரண்டு பெரிய உருண்டைக் கண்கள். ஒளிக்க ஒன்றுமே இல்லை.

சென்னைக்கு இன்னும் நெருக்கமான வாய்ப்பு ஒன்று இருந்தது. வண்டலூர் பக்கத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1961 முதல் செய்த 'ஸ்டாண்டர்ட் ஹெரால்டு' உண்மையில் பிரிட்டனின் ட்ரையம்ஃப் ஹெரால்டு. தாய் வீடான ட்ரையம்ஃப் 1975-ல் 'டிஆர்-7' என்ற ஸ்போர்ட்ஸ் காரில் பாப்-அப் விளக்கு வைத்தது. சென்னைக் கிளையோ பழைய ஹெரால்டையே திருத்தி 'கஸெல்' என்று விற்றுக்கொண்டிருந்தது. 1985-ல் பெரிய கனவோடு கொண்டுவந்த 'ஸ்டாண்டர்ட் 2000' பிரிட்டனின் ரோவர் காரைப் பார்த்துச் செய்தது. சில ஆண்டுகளில் நிறுவனமே படுத்துவிட்டது. படுத்த விளக்கு எழும்புவதைப் பார்க்கச் சென்னைக்குக் கொடுத்துவைக்கவில்லை.

காரணம் ரசனைக் குறைவு அல்ல. லைசென்ஸ் ராஜ்ஜியத்தில் அம்பாசிடர், பத்மினி, ஸ்டாண்டர்ட் மூன்றையும் விட்டால் வேறு கார் இல்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வரும்வரை வாங்குபவர் காத்திருக்க வேண்டியவரே தவிரத் தேர்ந்தெடுப்பவர் அல்ல. இறக்குமதி வரி எட்ட முடியாத உயரத்தில் இருந்தது. தவிர, அம்பாசிடரின் வட்ட விளக்கு உடைந்தால் எந்த ஊர்ச் சந்தியிலும் மாற்றிக்கொள்ளலாம். பக்கத்தில் நிற்கும் ஜீப்பிலிருந்து கழற்றிக்கூட மாட்டலாம். இந்த வசதிக்கு முன்னால் மோட்டார் வைத்து எழும்பும் கண்ணை நம் மெக்கானிக்குகள் என்ன செய்திருப்பார்கள்? கம்பி வைத்துக் கட்டி நிரந்தரமாகத் திறந்துவைத்திருப்பார்கள். அதில் தவறும் இல்லை.

கறுப்புப் பொட்டு

இந்தியா தன் பங்குக்கு விளக்கை வேறு விதமாக மறைத்தது. பெரிய நகரங்களில் தெருவிளக்கு இருக்கும் இடத்திலும் 'பிரைட்'டில் ஓட்டும் பழக்கம் ஒழியாததால், போக்குவரத்து போலீஸ் ஹெட்லைட்டின் நடுவில் கறுப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்தது. சில இடங்களில் மேல்பாதியில் பட்டை. பிற்பாடு பெயிண்டுக்குப் பதில் ஸ்டிக்கர். சென்னையில் சந்தியில் வண்டிகளை நிறுத்தி, போலீஸ்காரர் கையாலேயே திலகமிட்டு அனுப்பும் காட்சி பத்திரிகைகளில் படமாக வரும். திருஷ்டிப் பொட்டு என்று சிரித்துக்கொண்டே போனார்கள்.

விதிப் புத்தகம் தெளிவாகத்தான் இருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, 8 மீட்டர் தொலைவில் 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் ஒருவருக்குக் கூச்சம் ஏற்படாதபடி ஒளி தாழ்ந்து விழ வேண்டும். நடைமுறை வேறு. 60/55 வாட் பல்பு இருக்க வேண்டிய இடத்தில் 100/90 வாட் பல்பு மாட்டுவது கடையில் டீ குடிக்கும் நேரத்து வேலை. எதிரே வருபவன் டிம் பண்ணாவிட்டால் நாமும் பண்ணுவதில்லை என்பது நெடுஞ்சாலையின் வீம்பு. பிரிட்டனில் ஒருவர் விளக்கைச் சிமிட்டினால் 'நீங்கள் போங்கள்' என்று பொருள் கொள்வார்கள். இங்கே 'நான் வருகிறேன், ஒதுங்கு.'

இந்த வீம்பில் நசுங்குவது பெரும்பாலும் காரில் இருப்பவர் அல்ல. இரண்டு பக்கமும் முழு வெளிச்சத்தில் வண்டிகள் நெருங்கும்போது நடுவே சாலையைக் கடக்கும் ஆள் இரண்டு ஓட்டுநர்களின் கண்ணிலிருந்தும் சில விநாடிகள் மறைந்தே போகிறார். 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் நடந்து போனவர்.

நடந்துபோகிறவரின் கால்

விசித்திரம் என்னவென்றால், உலகத்தில் மறைவிளக்குக்கு முடிவு கட்டியதில் இந்த நடந்துபோகிறவருக்கும் பங்கு உண்டு.

முதல் அடி 1983-ல் விழுந்தது. ஃபோர்டு நிறுவனம் வற்புறுத்தியதால் அமெரிக்க அரசு சீல்டு பீம் கட்டாயத்தைத் தளர்த்தியது. பல்பை மட்டும் மாற்றக்கூடிய, எந்த வடிவத்திலும் வளையும் விளக்குக்கு அனுமதி கிடைத்தது. 1984-ன் லிங்கன் மார்க் VII காரின் விளக்குகள் உடலோடு வழிந்து படிந்தன. அந்தக் கணமே பாப்-அப்பின் ஜீவகாரணம் போய்விட்டது. எந்தச் சட்டத்துக்குத் தந்திரமாக விடை கண்டார்களோ அந்தச் சட்டமே இல்லை. மிச்சமிருந்தது அழகும் பழக்கமும். அவற்றின் பலத்தில் இன்னும் 20 ஆண்டு ஓடியது.

இரண்டாவது அடி வடக்கேயிருந்து வந்தது. குளிர்காலத்தில் சூரியனே சரியாக எட்டிப் பார்க்காத நாடுகளில் பகலிலும் விளக்கெரிய வேண்டும் என்றார்கள். ஸ்வீடன் 1977-ல் கட்டாயமாக்கியது. கனடா 1990-ஐ ஒட்டி எல்லாப் புதிய வண்டிக்கும் விதித்தது. பகலெல்லாம் விளக்கு எரிய வேண்டுமென்றால் ஒளித்துவைப்பதில் என்ன பிரயோஜனம்? எப்போதும் எழும்பியே நிற்கும் பாப்-அப், காற்றைத் தடுக்கும் இரண்டு பெட்டிகள்.

மூன்றாவது, கால். கார் மோதும்போது நடந்துபோகிறவரின் காலில் பம்பர் படுகிறது, உடல் பானெட்டின்மேல் சாய்கிறது. அங்கே கூர்முனையோடு எழும்பி நிற்கும் ஒரு பெட்டி இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்க்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2003-ல் நடந்துபோகிறவர்களின் பாதுகாப்புக்கான விதிகளை ஏற்று, 2005 முதல் புதிய மாடல்களுக்கு அமல்படுத்தியது. பாப்-அப் விளக்குக்குத் தடை என்று அந்த விதிகளில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் மோதும் பரப்பு மிருதுவாக இருக்க வேண்டும் என்று கேட்டால் எழும்பும் உலோக மூடிக்கு அங்கே இடமில்லை. தடை என்ற சொல் இல்லாமலேயே கதை முடிந்தது.

இதற்குள் விளக்கும் சின்னதாகிவிட்டிருந்தது. உருண்டை லென்ஸ் வைத்த புரொஜெக்டர், 1990களில் ஸெனான், பிறகு எல்இடி. உள்ளங்கை அகலத்தில் அடங்கும் விளக்கை ஒளிக்க ஒரு மோட்டாரும் நெம்புகோலும் எதற்கு? எடை, செலவு, பழுது மூன்றும் மிச்சம். பாப்-அப் விளக்கோடு 1989-ல் வந்து உலகமெங்கும் ரசிகர்களைச் சேர்த்த மாஸ்டா எம்எக்ஸ்-5, அடுத்த உருவம் எடுத்தபோது கண்ணைத் திறந்தே வைத்துக்கொண்டது. ஃபெராரியும் அப்படித்தான். எஃப்-355-ல் மறைவிளக்கு. 1999-ல் அதன் இடத்துக்கு வந்த 360 மொடெனாவில் கண்ணாடிக்குள் திறந்த விளக்கு.

அந்த 360 மொடெனாதான் இந்தியா அதிகம் பேசிய ஃபெராரி. பிராட்மனின் 29 டெஸ்ட் சதங்களைச் சமன் செய்ததற்காக 2002-ல் சச்சின் டெண்டுல்கருக்குக் கிடைத்த பரிசு. 2003-ல் அதற்குச் சுங்கவரி விலக்கு கேட்டதும், எழுந்த சர்ச்சையும், கடைசியில் வரியைக் கார் நிறுவனமே ஏற்றதும் நாடறிந்த செய்தி. இந்திய வீட்டுக் கூடங்களில் ஃபெராரி என்ற சொல் புழங்க ஆரம்பித்தபோது, அந்த வகை ஃபெராரி கண் மூடுவதை நிறுத்தி நான்கு ஆண்டு ஆகியிருந்தது.

2004-ல் கடைசி இரண்டும் போயின. ஒன்று ஜுஜாரோ வரைந்த வம்சத்தின் லோட்டஸ் எஸ்பிரி. இன்னொன்று ஷெவர்லே கார்வெட். 1963 முதல் இடைவிடாமல் விளக்கை ஒளித்துவந்த கார்வெட், 2005 மாடலில் கண்ணைத் திறந்தபோது அமெரிக்க ரசிகர்களில் பலருக்குக் கோபம். பழகிவிட்டது.

நாயுடுபேட்டைச் சாலையில் இப்போது எதிர்த்திசைப் பிரச்சினை. எதுவும் மறைவதில்லை. 2017 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்கப்படும் எல்லாப் புதிய இருசக்கர வண்டிகளிலும் எஞ்சின் ஓடும்வரை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அணைக்க ஸ்விட்சே கிடையாது. ஆரம்பத்தில் எதிரே வந்தவர்கள் எல்லாம் கையை விரித்து மூடி, 'லைட் எரியுது' என்று சைகை காட்டினார்கள். சின்னப் பையன்கள் கத்தியே சொன்னார்கள். ஓட்டியவர்கள் ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்ல முடியாமல் தலையாட்டிவிட்டுப் போனார்கள். ஓரிரு வருடத்தில் சைகை நின்றுவிட்டது.

நால்வழிச் சாலையின் நடுத்திட்டில் அரளி வளர்த்திருக்கிறார்கள். பூவுக்காக மட்டுமல்ல, எதிர்ப்பக்க வெளிச்சத்தை மறைக்க. ஆடுமாடு கடிக்காது, தண்ணீர் அதிகம் கேட்காது, அடர்ந்து வளரும். கார்க்காரர்கள் கைவிட்ட மூடியை நெடுஞ்சாலைத் துறை செடியாக நட்டிருக்கிறது என்று சொல்லலாம். ஆனால் ஊர்களுக்குள் திரும்பும் கிளைச் சாலைகளில் நடுத்திட்டும் இல்லை, அரளியும் இல்லை. கண்ணைக் குத்தும் வெள்ளை எல்இடி விளக்குகள் நேருக்கு நேர் வருகின்றன. பழைய கறுப்புப் பொட்டும் இதற்கு உதவாது, ஒரே பல்பிலிருந்து வரும் வெளிச்சம் இல்லையே.

புரட்டாசியில் திருப்பதிக்கு நடந்து போகிறவர்கள் வெயிலுக்குப் பயந்து இரவில்தான் அதிகம் நடக்கிறார்கள். தைப்பூசத்துக்குப் பழனி நடக்கும் பக்தர்களுக்குப் போலீஸார் ஒளிரும் ஸ்டிக்கர் கொடுத்து முதுகுப் பையில் ஒட்டச் சொல்கிறார்கள். பின்னால் வரும் வண்டியின் விளக்கு பட்டால் அது சிவப்பாக மின்னும். எதிரே வரும் வண்டி டிம் செய்திருந்தால், பின்னால் வருபவருக்கு அது தெரியும்.